சொட்டுச் சொட்டாக இறங்கிய சாப்பாடு

என் பெயர் பிலோமினா. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்திரித் தோட்டம். நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். கடையில் எடை போட்டால் குனிந்து தராசைப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவளுக்கு மாதா செய்த உபகாரத்தைச் சொல்கிறேன்.

போன ஆடியில் என் கணவருக்கு அல்சர் முற்றி இரைப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது. அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். வாய்வழியாக எதுவும் கூடாது என்று, வயிற்றில் துளை போட்டு சிறுகுடலுக்குள் மெல்லிய குழாய் வைத்தார்கள். அதில் பால் மாதிரி ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்கியது. இதுதான் சாப்பாடாம்! சோறு தின்று வளர்ந்த உடம்புக்கு இது எந்த மூலைக்கு? நர்ஸ் செல்வி மிச்சம் பிடிக்கிறாள் என்றே பட்டது. அவள் அந்தப் பக்கம் போனதும் குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தைத் தள்ளி வேகமாக விடுவேன். அவள் வருகிற சத்தம் கேட்டால் பழையபடி வைத்துவிடுவேன்.

மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு பிடித்தது. நிற்கவே இல்லை. ஆள் வற்றிப்போனார். "இப்படியே போனா தாங்க மாட்டாரும்மா" என்றார் டாக்டர். செல்விதான் அந்தப் பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்று புகார் எழுதி மடியில் வைத்துக்கொண்டேன்.

அதைக் கொடுக்கும் முன் மாடிப்படியில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். "மாதாவே, கெடுக்கிற கை எதுன்னு காட்டும்" என்று அழுதேன். திரும்பி வந்து கட்டிலருகே நின்றதும், பழக்கத்தில் என் கை நேராகச் சக்கரத்துக்குப் போனது. மாதா காட்டிய கை அதுதான் என்று புரிந்து செல்வியைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், நாந்தான் தெறந்து வுட்டேன்" என்றேன்.

செல்வி முகம் சிவந்தது. "ஏங்க்கா, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? சிறுகுடலோட உள்பக்கம் டவல் மாதிரி பொசுபொசுன்னு இருக்கும். அதுதான் சத்த உறிஞ்சி ரத்தத்துல சேக்குது. சாப்பாட்ட இரைப்பை கொஞ்சங்கொஞ்சமா அனுப்பும். இவருக்கு நேரா குடலுக்கே போவுது. கொடகொடன்னு வுட்டா உறிஞ்ச நேரமேது? வெளிய ஓடிடும்."

வேகத்தைக் குறைத்தாள். இரண்டே நாளில் போக்கு நின்றது. மெல்லத் தேறினார். இன்று வாயாலேயே இட்லி சாப்பிடுகிறார்.

அந்தப் புகார் போயிருந்தால் செல்வியின் வேலை போயிருக்கும். நானும் குழாயைத் திறந்துகொண்டே இருந்திருப்பேன். அவரும் போயிருப்பார். நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது.

பிரியமானவர்களே, யார்மீதாவது சந்தேகம் வந்தால் ஊருக்குச் சொல்லும் முன் மாதாவிடம் சொல்லுங்கள். நிச்சயம் காட்டுவாள். யாரைக் காட்டினாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகப் போங்கள்.