லேபிளைப் பார்த்து வாங்கிய ஒயின்

சுந்தரபாண்டிக்கு ஒயின் மீது பெரிய மோகமெல்லாம் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தங்கை புருஷன் ராஜபாண்டியன் ஒருநாள் வெளியாள் முன்னால் மூக்கறுபட்டு நிற்க வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. சிவகாசியில் இருவரும் கூட்டாக ஆப்செட் பிரஸ் நடத்தியவர்கள். ஒரு காலண்டர் சீசனில் முருகன் முகம் பச்சை பாய்ந்து வந்துவிட்டது. மட்டமான மையை வாங்கிப் போட்ட புண்ணியவான் ராஜபாண்டியன்தான். ஆனால் ஆர்டர் கொடுத்தவர் வந்து கத்தியபோது, மெஷின்காரர்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, "எங்க மச்சானுக்குக் கலர் தெரியாதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சிவகாசியில் ஒரு பிரஸ்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்லா அது! அன்றைக்குப் போனவர்தான் சுந்தரபாண்டி. நாசிக்கில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஓட்டலில் மேலாளராக இருந்தார். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்பதெல்லாம் அங்கே பழகியது. பிறகு ஊர் திரும்பி, வெம்பக்கோட்டை ரோட்டில் சின்னதாக ஒரு பட்டாசு லேபிள் யூனிட் போட்டார். கோபம் மட்டும் ஆறவே இல்லை.

போன பங்குனியில் ராஜபாண்டியனே அவரைத் தேடி வந்தார்.

"மச்சான், நாசிக்லருந்து தேஷ்முக்னு ஒருத்தர் வாராரு. ஒயின் கம்பெனி முதலாளி. பாட்டில் லேபிள் பூராவும் நமக்கே தாரதா இருக்காரு. நம்ம வீட்லதான் மத்தியானச் சாப்பாடு. அவுகளுக்கு என்ன ஒயின் வைக்கன்னு சொல்லுங்க. நீங்களும் வந்து இந்தியில பேசிக் குடுக்கணும்."

சுந்தரபாண்டிக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "என்ன சமையல் மாப்ளே?" என்று கேட்டார்.

"பொரிச்ச பரோட்டா, சால்னா, மட்டன் சுக்கா. உங்க தங்கச்சி கை காரம் தெரியும்ல."

"அப்ப கெட்டிச் சிவப்பு ஒயின் வேண்டாம். அது துவர்க்கும். காரத்தோட சேந்தா நாக்கைப் பொசுக்கிரும். லேசா இனிப்பு இருக்கிற வெள்ளை ஒயினா வாங்கி ஜில்லுன்னு வைங்க. எண்ணெயையும் அறுக்கும், காரத்தையும் ஆத்தும். வேற எங்கயும் தேட வேண்டாம். தேஷ்முக் கம்பெனியிலயே ஒண்ணு இருக்கு, மதுரையில கிடைக்கும். விலையும் கம்மி. கனமான பாட்டிலைப் பாத்து மயங்கீராதீக. கண்ணாடிக்குத்தான் காசு குடுக்கீக."

சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அதில்தான் சூழ்ச்சியே இருந்தது. தான் எதைச் சொன்னாலும் ராஜபாண்டியன் நம்பமாட்டார் என்பது சுந்தரபாண்டிக்குத் தெரியும். எதை எடுத்தாலும் முதலில் லேபிளைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிற ஆள் அவர். தேஷ்முக்கின் ஒயினிலோ வெறும் வெள்ளைத் தாளில் ஒற்றைத் திராட்சைக் கொடி. கறுப்புக் கோடு, அவ்வளவுதான். அதை வரைந்தது தேஷ்முக்கின் மகள் என்பதையும் சுந்தரபாண்டி நாசிக்கிலேயே கேட்டிருந்தார். அதை மட்டும் சொல்லவில்லை.

விருந்தன்று கூடத்துக்குள் நுழைந்ததுமே அவருக்கு வயிறு குளிர்ந்தது. ஷோகேஸ் மேல், வெயில் படும் இடத்தில், தங்கத் தாள் ஒட்டி, எழுத்துப் புடைக்க எம்பாஸ் அடித்த லேபிளோடு குண்டாக நின்றது ஒரு பாட்டில். கெட்டிச் சிவப்பு. அதுவும் போட்டிக் கம்பெனிச் சரக்கு!

தேஷ்முக் சுக்காவைத் தின்று ஒரு வாய் குடித்தார். குடித்த வேகத்தில் காது மடல் சிவந்தது. இருமினார், தண்ணீர் கேட்டார், கண்ணைத் துடைத்தார். பங்குனி வெயிலில் காய்ந்த ஒயின் வேறெப்படி இறங்கும்?

ராஜபாண்டியன் எதையும் கவனிக்கவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைத் தடவிக் காட்டினார்.

"மச்சான், சார்கிட்டச் சொல்லுங்க. லேபிள்னா இப்படி இருக்கணும். அவுக லேபிள் கருமாதிக் காரியத்துக்கு அடிச்ச பத்திரிகை கணக்கா இருக்கு. நம்மகிட்ட விட்டா மாத்திக் குடுத்துருவோம்."

மேசை அருகே பரோட்டாத் தட்டோடு நின்ற தங்கை முருகேஸ்வரி, அண்ணனையே பார்த்தாள். சுந்தரபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்னதை அப்படியே இந்தியில் எடுத்து வைத்தார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கருமாதியையும் விடவில்லை.

தேஷ்முக் தம்ளரைக் கீழே வைத்தார். "அதை வரைந்தது என் மகள்" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து கை கழுவினார். ஆர்டர் பேச்சையே எடுக்காமல் காரை நோக்கி நடந்தார். ராஜபாண்டியன் கார் வரைக்கும் பின்னாலேயே ஓடினார். தெரிந்த ஒன்றிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவர் கெஞ்சுவது கூடம் வரை கேட்டது. சுந்தரபாண்டி நிதானமாக இன்னொரு பரோட்டாவைப் பிய்த்தார். இத்தனை ருசியாகச் சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

முருகேஸ்வரி சால்னா ஊற்ற வந்தாள்.

"கொஞ்சம் பதமா மாத்திச் சொல்லிருக்கலாம்லண்ணே. இது எங்க புள்ளைக சோறு."

சோறு என்ற அந்த ஒரு சொல் அவரைத் தைத்தது. ஆனாலும் நிமிரவில்லை.

"எனக்குத்தான் கலர் தெரியாதேம்மா" என்றார். "வந்ததை வந்தபடியே அடிச்சுக் குடுத்துட்டேன்."

அவள் சால்னாவை ஊற்றாமலே சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அவர் மிச்சப் பரோட்டாவைத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் வெறுமனே தின்று முடித்தார்.