கை காட்டாத முக்கு

மகன் வாங்கிய பைக்கில் வலதுக்கும் இடதுக்கும் தனித்தனி இண்டிகேட்டர் பொத்தான்கள். பழகாத விரல் தவறி ஹாரனை அமுக்கிவிடுகிறது.

"தாத்தா வண்டியில இது எங்க இருந்திச்சும்மா?" என்று கேட்டான்.

"நான்தாம்ல இருந்தேன்."

உலகப்போர் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிளை, சைட்காரோடு அப்பா வாங்கினார். ஆக்ஸிலேட்டரிலிருந்து அவரால் கையை எடுக்க முடியாது. வலப்பக்கம் திரும்பும்போது, "ஏளா, கையக் காட்டு" என்பார். பின்னால் உட்கார்ந்து நான் நீட்டுவேன். எனக்கு ஒன்பது வயது.

காய்ச்சல் தணிந்த அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர ஒருநாள் போனோம். அன்று விடியற்காலையில் அவள் இறந்துபோயிருந்தாள். வீட்டில் சொல்வதற்காகத் திரும்பினோம்.

எங்கள் தெரு முக்கு வந்தது. நான் கை நீட்டவில்லை. திரும்பினால் தங்கச்சியிடம் சொல்லியாக வேண்டும். அப்பாவும் கேட்கவில்லை, வண்டியை நேரே விட்டார். அடுத்த ஊரான புதுக்கோட்டைக்குப் போய்த்தான் நிறுத்தினார். பெட்ரோல் டேங்கில் முகத்தைக் கவிழ்த்து நெடுநேரம் அழுதார்.

"சின்னவ காத்துக் கெடப்பா. கையக் காட்டுளா."

நீட்டினேன். அப்பா வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வண்டிச் சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கச்சி, காலியாக இருந்த சைட்காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மைய எங்கன எறக்கி விட்டிய?"