கடிக்காத நாய்க்குட்டி

அமாவாசையன்று ஆரணியில் நாங்கள் தறியில் உட்காருவதில்லை. முன்பெல்லாம் அந்த நாளில் தூங்கிக் கழிப்பேன். சார் வந்த பிறகு அது செஸ் நாளாகிவிட்டது.

சார் வேலூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெறிநாய்க்கடியில் வருகிற வைரஸைத்தான் வாழ்க்கை முழுக்கப் பார்த்தாராம். பிறந்தது படவேட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். ஆரணிக்குக் குடிவந்ததும் ஒரு பட்டுக் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, செஸ் பலகைகள் வாங்கிப் போட்டு, தெருத்தெருவாக வந்து எங்களைக் கூப்பிட்டார். "நாள் பூரா அத்தினி இழையப் பாத்துகினு இருக்கறீங்க, அறுபத்து நாலு கட்டத்தப் பாக்க முடியாதா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நெசவாளிகள் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் அமாவாசைக்கு மாற்றினார். அமாவாசையில் போட்டியா என்று வெளியூர்க்காரர்கள் சிரித்தார்களாம். அவர் விடவில்லை. பிறகு வந்தவாசியிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும்கூட ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. செஸ்ஸில் அதற்கு அவசியம் இல்லை என்பதால் பிடித்துப்போனது. என்னை அங்கே இழுத்துப் போனவன் என் மச்சான், மனைவியின் தம்பி. எங்களோடுதான் இருந்தான். என் தறிக்கு அடுத்த தறி அவனுடையது. மாடியில் பேச்சும் அவன்தான், ஆட்டமும் அவன்தான். சாரையே தோற்கடிப்பான்.

"சார், உங்க ராணி கத முடிஞ்சுது. கெளம்பச் சொல்லுங்க."

"டேய், வாய மூடிகினு ஆடுடா."

"எங்க மாமா வாய மூடிகினுதான் ஆடறாரு. ஒரு தபா ஜெயிச்சிருக்காரா, கேளுங்க?"

மாடியே சிரிக்கும். எல்லாரையும்விட சார்தான் அதிகம் சிரிப்பார்.

ஆட்டம் தொடங்குமுன் அவர் கொஞ்ச நேரம் பேசுவார். எப்போதும் அதே பேச்சுதான். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். "அந்த வைரஸு ஜல்தியா ஓடாது. நரம்பப் புடிச்சிகினு சிப்பாய் மாதிரி ஒவ்வொரு கட்டமா மேல போவும். மூளைக்குப் போறதுக்குள்ள நாம வழி மறிக்கணும். போய்ச் சேந்துட்டா காய அடுக்கி வெச்சிட வேண்டியதுதான்." மச்சான் இதை அவர் குரலிலேயே வீட்டில் சொல்லிக் காட்டுவான்.

ஒரு மழைக்காலத்தில் நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்குள் வந்தது. தறிக்குழியில் மச்சானின் கால் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் பாலில் விரலை நனைத்து நீட்டுவான், அது நக்கும். நானும் நீட்டியிருக்கிறேன். கொஞ்ச நாளில் குட்டி எதையும் தின்னாமல் கிடந்து செத்தது. மழையில் குட்டிகள் சாவது புதிதா என்ன? கொல்லையில் புதைத்தோம். அது யாரையும் கடிக்கவில்லை.

மழை நின்று வெயில் வந்த பிறகு ஒரு நாள், விரல் குறுகுறுக்கிறது என்றான் மச்சான். சரிகை பிடிக்கிற கைக்கு அதெல்லாம் இருப்பதுதான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் காய்ச்சல். அப்புறம் தண்ணீர் இறங்கவில்லை. தொண்டைக்கட்டு என்று நினைத்து என் மனைவி மிளகுக் கஷாயம் வைத்தாள். டம்ளரைப் பார்த்ததுமே அவன் கழுத்து வெட்டி இழுத்தது. நான் சாருக்குப் போன் செய்தேன்.

வந்து பார்த்தார். "ஃபேனப் போடுங்க" என்றார். காற்று முகத்தில் பட்டதும் மச்சான் மூச்சுத் திணறித் துடித்தான். சாரே ஓடிப்போய் ஃபேனை அணைத்தார். அந்த நோய்க்குத் தண்ணீரைப் போலவே காற்றும் ஆகாது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நாய் எதுனா கடிச்சுதா?"

"இல்லைங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு குட்டி இருந்துச்சு சார்" என்றாள் என் மனைவி. "பாவம், அது கடிக்கவே கடிக்காது. சும்மா கைய நக்கிகினு கெடக்கும்."

சார் மச்சானின் கையை எடுத்து விரித்துப் பார்த்தார். பட்டும் சரிகையும் அறுத்து அறுத்து எங்கள் விரல் நுனிகளில் எப்போதும் மெல்லிய கீறல்கள் இருக்கும். அதை நாங்கள் காயம் என்று சொல்வதில்லை. "இதுல எச்சி பட்டாலே போதுமே" என்றார் சார்.

மச்சானுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "இன்னா சார், காய அடுக்கிடலாமா?" என்று கேட்டான். சார் அவன் கையை விடவில்லை.

வேலூருக்குக் கொண்டுபோனோம். உடலாகத்தான் திரும்பினான்.

எனக்கும் என் மனைவிக்கும் ஊசி போட சார்தான் கூட்டிப் போனார். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். டீக்கடையில் ஆட்கள் பேசினார்கள். "ஆயுசு பூரா அந்தக் கிருமியத்தான் பாத்தாராம். எதிர்ல உக்காந்து ஆடனவனப் பாக்கலியா?" அது அவர் காதுக்கும் போயிருக்கும்.

அடுத்த அமாவாசைக்கு மாடி பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த அமாவாசைக்கும் அப்படியே. பட்டுக் கடைக்காரர் மாடியை வேறு யாருக்கோ விடப்போவதாகப் பேச்சு வந்தது. படியில் நின்றவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, சாவு உங்க வீட்டுது. நீங்க கூப்ட்டாதான் வருவாரு."

கிளம்பும்போது என் மனைவி, "அவர் மேல நமக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. நீங்க பாட்டுக்குச் சும்மா நின்னுட்டு வந்துடாதீங்க" என்றாள்.

சார் வீட்டில் வெகுநேரம் சும்மாதான் இருந்தேன். பிறகு எப்படியோ சொன்னேன். "அவ உங்க மேல ஒண்ணும் சொல்லல சார்."

"சொல்லியிருந்தா தேவலாம்" என்றார். "கடி, கடின்னே சொல்லிகினு இருந்தேன். நக்கறதப் பத்தி ஒரு நாள் சொல்லல. காய் நகத்தறப்ப உங்க எல்லார் விரலையும் பாத்துகினுதானே இருந்தேன்" என்றார்.

"மாடியத் தொறங்க சார்."

"நான் வரமாட்டேன். பலகையப் பாத்தா அவன் கைதான் தெரியுது. சாவிய நீங்க வெச்சுக்கங்க. வாடகைய நான் பாத்துக்கறேன். ஆனா ஆட்டத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கீறல் இருக்கற கைய நாய் நக்கினாலும் கழுவணும், ஊசி போடணும்."

"எனக்குப் பேச வராதுங்க சார்."

"தெரியும்" என்றார்.

இப்போது மாடி திறந்திருக்கிறது. ஒவ்வொரு அமாவாசையும் எழுந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்கிறேன். "சத்தமா சொல்லுண்ணே" என்று பின்னாலிருந்து கத்துகிறார்கள். மறுபடி சொல்கிறேன். சார் அந்த நேரத்தில் நெசவுத் தெருக்களில் வீடு வீடாகப் போய் குட்டிகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் போன் செய்வார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார்."

வைத்துவிடுவார். யார் ஜெயித்தார்கள் என்று கேட்பதில்லை.