குராஷிகியில் கை தூக்கிய செங்கமலம்

சேரப்பணஞ்சேரி செங்கமலம் ஜப்பானுக்குப் போகிறாள் என்றதும் ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய மீதிப் பேருக்கு வயிறு எரிந்தது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், லைனில் நின்று நின்றே லீடராக உயர்ந்தவள் அவள். புது மெஷின் பழகுவதற்காக ஜப்பானில் இருக்கும் தலைமைத் தொழிற்சாலைக்கு அனுப்பிய நான்கு பேரில் அவள் ஒருத்திதான் பெண். அந்தக் கம்பெனியிலிருந்து கடல் தாண்டிய முதல் பெண்ணும் அவள்தான். "பொம்பளைய அனுப்பினா யார் பொறுப்பு?" என்று மேனேஜர் ரகுபதி கடைசிவரை இழுத்துப் பார்த்தார். ஏதாவது கோணலாகிவிட்டால் அடுத்த தடவை எந்தப் பெண்ணின் பெயரும் வராது. அது செங்கமலத்துக்கு நன்றாகத் தெரியும்.

விடுமுறை நாளில் பயிற்சியாளர் சாட்டோ அவர்களை வேனில் குராஷிகிக்கு அழைத்துப் போனார். பழைய கால்வாய் ஊர். வெள்ளைச் சுவர்க் கிடங்குகள், தண்ணீரைத் தொடும் மரக்கிளைகள், படகு, அன்னம், எல்லாம் அழகுதான். ஆனால் காணும் பொங்கலன்று வண்டலூர் ஜூவில் நிற்பது போலக் கூட்டம். கடைக்குக் கடை ஜீன்ஸ் பேண்ட். போதாததற்கு ஜீன்ஸ் நிறத்திலேயே ஐஸ்கிரீம்.

"இன்னாக்கா இது, சொட்டு நீலத்த ஊத்திட்டாங்களா?" என்றான் உடன் வந்த லோகேஷ். படப்பைப் பையன், வாய் ஓயாது. கேலி பண்ணிக்கொண்டே இரண்டு வாங்கித் தின்றான்.

படம் பிடிக்க அவன் ஒரு பக்கம் ஓட, பாலத்தின் மேல் கூட்டம் செங்கமலத்தை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அவள் போன் விடுதி வைஃபையில் மட்டும்தான் பேசும். ரகுபதியின் முகம் கண்முன் வந்து நின்றது.

கால் ஓடத்தான் பார்த்தது. அப்போதுதான் லைனுக்கு மேலே தொங்கும் பலகை ஞாபகம் வந்தது: நிறுத்து, கூப்பிடு, காத்திரு. கோளாறு கண்டால் கையைத் தூக்கிவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். ஆள் வரும்வரை அசையக் கூடாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு அதைக் கத்திக் கத்திச் சொல்லித் தருபவளே அவள்தான். பாலம் முடியும் இடத்தில் ஓரமாக நின்றாள். கம்பெனியின் மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கையை உயர்த்தினாள்.

ஒரு கை கடுத்தது, மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் நின்றார். அப்புறம் அவர் மனைவி, பிள்ளைகுட்டியோடு ஒரு குடும்பம், குடை பிடித்த பெண்கள். திரும்பிப் பார்த்தால் அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது! தூக்கிப் பிடித்த தொப்பியைப் பார்த்து, ஊரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி என்று நினைத்துவிட்டார்கள்.

"எம்மா, நானே தொலைஞ்சிப் போய் நிக்கறேன்!" என்றாள். அவர்கள் பணிவாகக் குனிந்து வணங்கினார்கள். அவளும் குனிந்து வைத்தாள். தொப்பியை மட்டும் இறக்கவில்லை.

தொழிற்சாலையிலேயே தலை நரைத்த சாட்டோவுக்குத் தூக்கிய கை தூரத்திலேயே கண்ணில் பட்டுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தவர், அவளையும் அந்த வரிசையையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். படமும் எடுத்தார். பிறகு சிரிப்பை அடக்கி, நிமிர்ந்து நின்று, அவளுக்குத் தலைவணங்கினார். செங்கமலத்துக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. அவளைத் தேடுகிறேன் பேர்வழி என்று சந்து சந்தாக அலைந்த லோகேஷைக் கண்டுபிடிக்கத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாள் கூட்டத்தில் ஒரகடத்துக்காரர்களும் திரையில் இருந்தார்கள். சாட்டோ நடந்ததைச் சொல்லி, அடுத்த தடவையும் இவள் லைனிலிருந்தே ஆள் வேண்டும் என்றார். ரகுபதி அங்கேயே அவள் லைன் பெண்கள் இரண்டு பேரின் பெயரைச் சொன்னார்: சுகப்பிரியா, கவிப்பிரியா.

படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் ஜீவானந்தத்துக்கு விஷயம் அரைகுறையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பதறிக்கொண்டு போனில் கூப்பிட்டான்.

"இன்னாமே, கூட்டத்துல தொலைஞ்சி பூட்டியாமே?"

"யாரு சொன்னது? தொலைஞ்சவன் லோகேசு. நான் நின்ன எடத்துலயே நின்னேன். ஜப்பான்காரங்க என் பின்னாடி லைன் கட்டி நின்னாங்க. போட்டோ கீது, அனுப்பறேன் பாரு."

அன்றைக்கு அவன் ஆட்டோவில் ஏறியவர்கள் யாரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் இறங்க முடியவில்லை.