எல்லைக்கு வெளியே பூட்டிக் கிடந்த வீடு

அன்று காலையில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை.

தள்ளிப் பார்த்தேன். தோளைக் கொடுத்து முட்டினேன். மழையில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் செல்வி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல். முந்தின நாள் அது இல்லை. என் சுண்டுவிரல் உள்ளே போனது. வெளியே ஓடி மேலே இருக்கும் பூண்டுக் காட்டைப் பார்த்தேன். வரப்பு பாதியில் அறுந்து, கீழ்ப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. மலை நகர்ந்தால் இடி மாதிரி சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது.

பிள்ளைகளே, இது போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி அடைமழையில் நடந்தது. நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். கட்டுரை எழுதத் தெரியாது. நம் பாதயாத்திரைக் குழுவில் மாலை போட்டிருக்கும் சின்னப் பிள்ளைகள் நீங்கள், வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும், "முருகன் உங்களுக்கு என்ன செஞ்சாரு மாமா?" என்று கேட்கிறீர்கள். வாயால் சொல்லப் போனால் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருந்த இடத்தை ஊர் என்றே சொல்ல முடியாது. மன்னவனூர் போகிற வழியில், ரோட்டை விட்டு இறங்கினால் சரிவில் ஐந்து வீடுகள். பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்தோம். மகள் கவிதாவுக்கு அப்போது எட்டு வயது. என் மனைவி செல்விக்கு நிறைமாதம். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் கிளம்பலாம் என்று பையைக் கட்டி வைத்திருந்தோம். அதற்குள் இப்படி.

ஐந்து வீட்டுக்காரர்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினோம். கொடைக்கானல் பக்கம் மண் சரிந்து, மரங்கள் குறுக்கே விழுந்து வழி அடைத்துக் கிடந்தது. செல்போனில் டவர் இல்லை. ஒரு ஜீப்பும் வரவில்லை. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே என் வீட்டுக் கூரை, தூக்கம் வந்தவன் தலை மாதிரி, மெல்லச் சாய்ந்தது. செல்வி அழவில்லை. "கோழியத் தொறந்து விட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். விட்டிருந்தேன்.

ஒரு மேட்டைத் தாண்டினால் அடுத்த ஊர். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிவிட்டார்கள். மழையிலேயே நடந்தோம். செல்வி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் நின்றாள். நாங்கள் அந்த ஊரை எட்டும்போது மதியம் தாண்டிவிட்டது. எல்லையில் வேப்பிலைத் தோரணம் தொங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. அந்த ஊரில் முத்தாலம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள்.

டவுனில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காப்பு என்பது கையில் கட்டுகிற மஞ்சள் கயிறு. அதைக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. வெளியூர்க்காரர் யாரும் உள்ளே ராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், வரலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். எங்கள் மலையில் இதை யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை.

ஊர்த் தலைவரைப் பெரியதனக்காரர் என்று சொல்வோம். அவர் குடையோடு வந்தார். கூடவே பூசாரி. எங்களைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் முகம் வாடிவிட்டது.

"என்னப்பா இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க! மொதல்ல சூடா காப்பித்தண்ணி குடிங்க" என்றார் பெரியதனக்காரர்.

"குடிக்கிறோம். அப்புறம்?" என்றார் என் பக்கத்து வீட்டுச் சின்னையா. அவருக்கு வாய் கொஞ்சம் துடுக்கு.

"அப்புறம்... நேத்துத்தான்ப்பா காப்புக் கட்டினோம்."

"தெரியுதுங்க. அதுக்கு நாங்க என்ன பண்ண? போயி சரியிற மலைக்கு முட்டுக் குடுத்து, திருவிழா முடியட்டும், அப்புறமா விழுந்துக்கன்னு சொல்லிட்டு வரவா?"

பெரியதனக்காரர் கோபிக்கவில்லை. கோயிலடியில் தார்ப்பாயைக் கட்டி ஊரைக் கூட்டினார். நாங்கள் எல்லையில் நின்று நடுங்கினோம். உள்ளே சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கடைசியில் பூசாரி ஒரு தட்டில் மஞ்சளும் கயிறும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒங்களுக்கும் காப்புக் கட்டிருவோம். கட்டிட்டா நீங்களும் இந்த ஊரு ஆளுதான். சமுதாயக் கூடத்துல தங்கிக்கலாம்" என்றார்.

எங்கள் ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். சின்னையா நீட்டினார், அவர் பிள்ளைகள் நீட்டினார்கள். நாங்கள் கடைசி. செல்வி சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டியபோது பூசாரியின் கை நின்றுவிட்டது.

"தாயி, இது எத்தனாவது மாசம்?"

"பத்து நடக்குதுங்க."

அவர் கயிறைத் திரும்பவும் தட்டில் வைத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. காப்போட இருக்கையில ஊருக்குள்ள பிரசவம் ஆச்சுன்னா தீட்டாயி திருவிழா நின்னு போகும். எம் மருமகளும் மாசமாத்தான் இருக்கா. அவளையே போன வாரம் வத்தலக்குண்டுக்கு அனுப்பிட்டோம்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. "அப்ப நாங்களும் வரல" என்று சின்னையா குதித்தார். பிள்ளைகள் நனைஞ்சு நடுங்குது, உள்ளே கூட்டிப் போங்கண்ணே என்று நான்தான் அனுப்பிவைத்தேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் நிழற்குடை இருந்தது. ஒரு பக்கம் சுவரே இல்லை. கூரையில் ஓட்டை. அதில் நாங்கள் மூன்று பேர். செல்விக்கு அவ்வப்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. "ஒண்ணுமில்ல, நடந்த வலி" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. மேல்மலைக் குளிர் உங்களுக்குத் தெரியும். ஈரச் சேலையோடு அந்த இடத்தில் விடியும்வரை இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

என்னால் உட்கார முடியவில்லை. அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தேன். வானத்தைப் பார்ப்பேன். ரோட்டைப் பார்ப்பேன். செல்வியின் முகத்தைப் பார்ப்பேன். மறுபடி நடப்பேன். முருகா, மழையை நிறுத்து என்று கேட்டேன். மழை வலுத்தது. பூசாரி மனசை மாற்று என்று கேட்டேன். யாரும் வரவில்லை. ஒரு ஜீப்பையாவது அனுப்பு என்று கேட்டேன். ரோட்டில் தண்ணீர்தான் ஓடியது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏ முருகா!" என்று பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினேன். "நீ கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு வந்து கோவணத்தோட மலை மேல நின்னவன். ஒனக்கு வீடு வேணாம். எம் பொண்டாட்டிக்கு வேணும்! வருஷா வருஷம் நடந்து வந்து ஒன் வாசல்ல நின்னேன்ல? இப்ப நான் நடுரோட்டுல நிக்கிறேன். நீ எங்க இருக்க?"

கவிதா என் கைலியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சாமியத் திட்டாதப்பா. அப்புறம் கோவிச்சுக்கிட்டு வேற மலைக்குப் போயிரும்."

செல்வி அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்தேன். "என்ன கேக்கணும்னே எனக்குத் தெரியலப்பா. நீயே பாத்துக்க" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. தேங்காய் இல்லை, சூடம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தோரணத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா வந்து நின்றார். மழைக்குத் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தார். அவர் எங்களைப் பார்க்க வரவில்லை. எங்களைத் தாண்டி, ரோட்டுக்கு மேலே இருந்த ஒரு தகரக் கூரையைப் பார்த்தார். பிறகுதான் எங்களைக் கவனித்தார். அவர் பெயர் பஞ்சவர்ணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏந்தம்பி, இந்தச் சாரல்ல எதுக்கு இங்கன கெடக்கீங்க? உள்ள எடம் குடுத்தாகளே?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டினார். "பாவமே. என்ன செய்ய, கட்டுப்பாடு அப்படி. எங்க கதையும் அதான். அந்தா தெரியுதுல்ல தகரக் கூரை, அது எங்க தோட்டத்து வீடு. எல்லைக்கு வெளிய இருக்கதால காப்புக் கட்டுனா அங்க படுக்கக் கூடாது. ஊருக்குள்ள எங்க நாத்தனா வீட்டுல ஒண்டிக் கெடக்கோம். காலையில எந்திரிச்சு அவ மூஞ்சியில முழிக்கணும். வீடு சும்மா பூட்டிக் கெடக்கு. காத்து கூரையத் தூக்கிருச்சான்னு பாக்கத்தான்..."

அவர் பேச்சு அப்படியே நின்றது. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"அடியாத்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "அம்புட்டுப் பேரு கூடிப் பேசுனோம், ஒருத்தருக்கும் தோணலையே! எடம் இல்ல, எடம் இல்லன்னு எல்லைக்கு உள்ளயே தேடிக்கிட்டு இருந்திருக்கோம்!"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கோயிலில் விளக்கு வைக்கிற மணி அடித்தது. அவர் இனி எல்லை தாண்டக் கூடாது. "பிடிங்க தம்பி!" என்று வீசினார். அந்த மங்கல் வெளிச்சத்தில் தவறவிட்டேன். சாவி சேற்றில் விழுந்தது. நானும் கவிதாவும் மண்டியிட்டுத் துழாவினோம். தோரணத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர், "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு! ஒங்க காலுக்கடியில!" என்று கத்தினார். என் கால் கட்டைவிரலில்தான் அது தட்டுப்பட்டது.

"அரிசி பானையில இருக்கு, வெறகு பரண்ல இருக்கு. வெரசா போங்க!"

அந்த வீடு பாறை மேல் கட்டியது. உள்ளே காய்ந்த விறகு, கம்பளி, அடுப்பு. தீ மூட்டி, செல்வியைக் கம்பளிக்குள் சுருட்டி உட்கார வைத்தேன். அவள் பல் தந்தியடித்தது நிற்கும்வரை நான் அவள் கையை விடவில்லை. மறுநாள் காலையில் எல்லையில் போய்ப் பார்த்தால் தூக்குச்சட்டியில் கஞ்சி, கருப்பட்டி, பழைய வேட்டித் துணி, சுக்கு. வெயில் வந்ததும் ஊர்ப் பெண்கள் வந்து எட்டி நின்று நலம் கேட்டுவிட்டுப் போனார்கள். பூசாரியும் வந்தார். ஒரு கட்டு விறகை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

திருவிழா முடிவதற்கு முன்பே, ஒரு விடியற்காலையில் மகன் பிறந்தான். ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களை வெட்ட வந்த ஆட்களோடு முந்தின நாளே நடந்து வந்திருந்த சுகாதார நர்ஸ் அம்மாதான் பிரசவம் பார்த்தார்கள். அழுகைச் சத்தம் எல்லைவரை கேட்டிருக்கிறது.

"என்ன புள்ள?" என்று பஞ்சவர்ணம் அக்கா அங்கிருந்தே கத்தினார்.

"பையன்க்கா! ஆனா ஒங்க வீடு தீட்டாயிருச்சே!"

"அது எல்லைக்கு வெளியல்ல இருக்கு! ஆத்தா கணக்குல வராது. நீ புள்ளைய நல்லாச் சுத்தி வையி!"

காப்பு அவிழ்த்த அன்று ஊரே அந்த வீட்டுக்கு வந்தது. முத்தாலம்மன் பெயரும் வேலவன் பெயரும் சேர வேண்டும் என்று பஞ்சவர்ணம் அக்காதான் முத்துவேல் என்று பெயர் வைத்தார்.

பிள்ளைகளே, அந்த அம்மா தற்செயலாகத்தானே வந்தார் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். சொல்லட்டும். நான் மூன்று வழி கேட்டேன், மூன்றும் எனக்குத் தெரிந்த வழிகள். எனக்குத் தெரியாத வழியில் முருகன் கொடுத்தான். அன்று என் கோபத்தையும் அவன் காதில் வாங்கிக்கொண்டான். இதை நான் சாகும்வரை சொல்வேன்.

முன்பெல்லாம் எனக்கு வேண்டியதைக் கேட்கத்தான் பழனிக்கு நடப்பேன். இப்போது அவன் கொடுத்ததுக்கு நன்றி சொல்ல நடக்கிறேன். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே சமமான நிலத்தில் வீடு கட்டியிருக்கிறோம். அதில் ஒரு அறை எங்களுக்கு இல்லை. மலையில் வீடு இழந்து வருகிறவர்களுக்கு. அந்த ஊரிலும் காப்புக் கட்டும்போது தோட்டத்து வீடுகளை இப்போது பூட்டுவதில்லை. போன மழையில் காட்டு வேலைக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தின் குடிசை விழுந்தது. சிலோனிலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டு அறைக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் குடும்பத்து அந்தோணியம்மா, "எங்கட அப்பா கண்டியில கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்ட விட்டு ஓடி வந்தாரு. நான் இங்க மழைக்குப் பயந்து ஓடி வாறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் சாமிக்கு ஜெபம் செய்தார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். 

உங்களுக்கும் கஷ்டம் வரும். அப்போது அழகாகக் கேட்கத் தெரியவில்லையே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அழுதுகொண்டு கூப்பிடுங்கள், சண்டை போட்டுக் கூப்பிடுங்கள். எப்படியாவது கூப்பிடுங்கள். பிறகு யாராவது நனைந்துகொண்டு உங்கள் வாசலுக்கு வந்தால், அவர்கள் கூப்பிட்ட சத்தம்தான் உங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றும் காலையிலிருந்து மழை. எழுதுகிறேன், எழுந்து வெளியே பார்க்கிறேன், மறுபடி உட்கார்கிறேன். மேட்டுக்காட்டுப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று இப்போதுதான் சின்னையா போன் செய்தார். எத்தனை பேருக்கு உலை வைக்க என்று செல்வி கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"அப்ப பெரிய பானைய எறக்குங்க" என்கிறாள்.