ஒற்றைப் பிளக்கும் காயாத திருக்கையும்

கொழும்பில் ஒரு கடைக்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெரிய வெள்ளிக்கு முன் கோயிலில் சுவாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்திலும் அதைச் சொல்லிவிட்டேன். "சுவாமி, எல்லாத்துக்கும் மனஸ்தாபப்படுறன். அந்தாளின்ர விசயத்துக்கு மட்டும் இல்லை."

சண்டை முடிந்து மன்னார்ப் பக்கம் எங்கள் ஊரான அரிப்புக்குத் திரும்பி, நிவாரணமாகத் தந்த தகரத்தில் கொட்டில் போட்டு இருந்த காலத்தில், கூரை ஓட்டையால் வானம் பார்த்துக் கிடந்தவள் என் மகள். பின்னாளில் கொழும்புப் பக்கம் விமானம் ஓட்டப் படித்தாள். செலவு முழுக்கச் சுவிஸில் இருக்கும் என் தம்பியுடையது. தகப்பன் என்று சொல்ல என் பங்குக்கு ஒரு ஆணிகூட இல்லை.

ஒருமுறை லீவில் வந்தபோது சொன்னாள்:

"அப்பா, பள்ளிக்கூடத்து ஹெட்செட் கரகரக்குது. கீழ இருந்து சொல்லுறது விளங்கேல்லை. சொந்தமா ஒண்டு இல்லாட்டி அடுத்த கிழமை என்னைத் தனியப் பறக்க விடமாட்டினமாம். சித்தப்பாட்டக் கேக்கட்டோ?"

"அவனிட்ட வாய் திறந்தியெண்டால் பார். நான் வாங்குவன்."

மலிவாக எது பார்ப்பது என்று சொல்லித் தந்தாள். பற்றரி போட்டு இரைச்சலை அடக்குவது நல்லது, ஆனால் எங்களுக்கு எட்டாது. சாதாரணமானது போதும். காது மெத்தை ஜெல்லாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் தலை நசுங்கும். மைக் உதட்டுக்குக் கிட்ட வரவேண்டும். எல்லாவற்றையும் இங்கிலிஸில் எழுதித் தந்தாள். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தனியே பஸ் ஏறினேன்.

கடைக்காரன் எங்கள் பக்கத்துத் தமிழ்தான் கதைத்தான். தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடி போட்டு, முழுவதும் வாசித்தான். வாசித்ததை என் கண்ணால் கண்டேன்.

"ஓமோம், எழுதின மாதிரியே இருக்கு. வேற ஆளெண்டால் இந்த விலைக்குக் குடுக்கமாட்டன், அண்ணை."

அண்ணை என்றதும் நான் உருகிவிட்டேன்.

ஊருக்கு வந்து முதல் வேலையாகச் சோதித்தேன். ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, என் மீன்பிடி வள்ளத்து எஞ்சினை முழு வேகத்தில் முறுக்கினேன். கரையில் நின்றவர்கள் சிரித்தது கேட்கவில்லை. எஞ்சின் எங்கோ தலைமன்னாரில் ஓடுவதுபோல இருந்தது. மனைவி கத்திய "பேயன்" மட்டும் உள்ளே வந்தது. திறமான சாமான் என்று முடிவு கட்டினேன்.

மகள் வயரின் நுனியைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"அப்பா, இதில ஒரு பிளக்தான் இருக்கு. இது ஹெலிகொப்டருக்கு. எங்கட பிளேனுக்கு ரெண்டு வேணும். முதல் வரியே அதுதானே எழுதினனான்."

மாற்றிப் பூட்டும் துண்டு ஒன்று இருக்கிறதாம். இடையில் கழன்றுவிடும் என்று வாத்தியார் அதற்கு விடமாட்டாராம்.

மறுநாளே திரும்பிப் போனேன். கடைக்காரன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"வித்த சாமான் எடுக்கமாட்டம். மகளுக்கு ஒரு ஹெலிகொப்டரும் வாங்கிக் குடுங்கோவன்."

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். வழக்கமாக என்னைப் பார்த்து முதலில் சிரிக்கிறவன் நான்தான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்குப் போய், சரியாகக் காயாத திருக்கைக் கருவாட்டை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். நிற்க இடமில்லாத பஸ்ஸில் எனக்கு முழுச் சீட்டும் கிடைத்தது. கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, ஏசிக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு, சாக்கின் வாயை அவிழ்த்தேன்.

"என்ன அண்ணை இது?"

"ஹெலிகொப்டர் வாங்க வந்தனான், தம்பி. வரும்வரைக்கும் இருக்கிறன்."

"பொலிசைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடுங்கோ. அவைக்கும் ரெண்டு துண்டு சுட்டுக் குடுப்பம்."

சாமான் வாங்க வந்தவர்கள் கதவைத் திறந்த கையோடு திரும்பினார்கள். மத்தியானத்துக்கு முன் கடைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, பழையதுக்கு மாற்றாக வேறு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மெத்தையை அமத்திப் பார்த்தேன், ஜெல். மைக்கை வளைத்தேன், உதட்டுக்கு வந்தது. பிளக்கை விரல் விட்டு எண்ணினேன். இங்கிலிஸ் தெரியாவிட்டாலும் இரண்டு வரை எண்ணத் தெரியும். அவன் ஜன்னல் திறக்கப் போன நேரம், ஒரு துண்டு திருக்கையை ஏசிப் பெட்டிக்குப் பின்னால் நன்றாக உள்ளே தள்ளிவிட்டேன்.

அடுத்த கிழமை மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, தனியப் பறந்திட்டு இறங்கிட்டன்! சொன்னது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆனா ஹெட்செட் ஏன் கருவாடு மணக்குது?"

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சுவாமி கிட்டக் குனிந்தார்.

"அந்தத் துண்டு இன்னும் அங்கதானோ கிடக்கு?"

"அப்பிடித்தான் வேண்டிக்கொள்ளுறன், சுவாமி."

அந்தக் கடைக்காரனை நினைத்துப் பரிகாரமாகப் பத்து 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். முழந்தாளில் நின்று பத்தும் சொன்னேன், மகள் பத்திரமாக இறங்கியதற்கு நன்றியாக. அவனுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.