ஆறு மணிக்குக் கதவைத் தட்டியவள்

இதில் ஒரு வரிகூட நான் கட்டிச் சொல்லவில்லை. அறை எடுத்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். 2008 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. நாலாம் நம்பர் அறை. ஹோட்டலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

அப்போது எனக்கு வயது இருபத்துமூன்று. கொழும்பில் ஒரு போன் கடையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து நெட் கஃபேயில் உட்கார்ந்து ஹோட்டல் விலை பார்ப்பேன். ஒரே அறைக்கு மூன்று தளங்களில் மூன்று விலை இருக்கும். சனிக்கிழமை விலையில் பாதிதான் ஞாயிற்றுக்கிழமைக்கு. மழைக்காலத்தில், கடைசி நாலு நாள் வரை யாரும் எடுக்காவிட்டால் இன்னும் இறங்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் மாதக்கணக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஹோட்டலைத்தான்.

பதுளைப் பக்கம் தெமோதரைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா அது. அதைத்தான் ஹோட்டலாக்கியிருந்தார்கள். என் அம்மா அற்புதமலர் அங்கே ஒன்பது வருஷம் வேலை செய்தாள். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்தவள். 1991இல் ஒரு மழை நாள், இருட்டியபிறகு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் மண்மேடு சரிந்து அவளை மூடிவிட்டது. எனக்கு ஆறு வயது. அவள் முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் நினைவில்லை.

அந்தப் பங்களாவின் முன்வாசலால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஒரு புதன்கிழமை விலை நாலாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கியது. உடனே இரண்டு பேருக்கு எடுத்துவிட்டேன்.

அப்பா தேவதாசன் அப்போதும் அதே லயத்தில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்டா. அவ இல்லாத எடத்துல எனக்கு என்னா வேல? நீ போயிட்டு வா.”

தனியாகப் போனேன். சேரும்போது பிற்பகல் 3.40. மழை விடாமல் பெய்தது. மேனேஜர் இப்றாஹீம் சாவியைத் தந்தார்.

“இண்டைக்கி நீங்க மட்டும்தான் கெஸ்ட், தம்பி. ராச்சாப்பாடு எட்டு மணிக்கு.”

அறை பெரியது. பலகைத் தரை. கதவை உள்ளே தாழ் போட்டேன். சேறு அப்பிய சப்பாத்தைக் கதவோரம் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனேன்.

4.50. குளியலறையிலிருந்து வெளியே வந்தேன். சப்பாத்துகள் துடைத்துக் கிடந்தன. ஈரம் உறிஞ்ச உள்ளே பேப்பர் திணித்திருந்தது. அறைப் பையன் வந்துபோயிருப்பான் என்று நினைத்தேன். பிறகுதான் கதவைப் பார்த்தேன்.

தாழ் போட்டபடியே இருந்தது.

எனக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டது... நானே துடைத்திருப்பேன்... இப்படி மனதைச் சமாளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்றேன். மூடுபனியில் தேயிலை மலை தெரியவில்லை.

5.15. திரும்பினேன். மேசையில் ஒரு கோப்பை தேத்தண்ணீர். ஆவி பறந்தது. நான் கேட்கவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. கதவு... தாழ் போட்டபடி.

குடிக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

5.48. கரண்ட் போனது.

நடையில் காலடிச் சத்தம். வெறுங்கால். ஈரக்கால்.

சளப்... சளப்... சளப்...

சமையலறைப் பக்கமிருந்து மெல்ல வந்தது. ஒவ்வோர் அறை முன்னாலும் நின்றது. பிறகு நடந்தது.

என் கதவுக்கு முன்னால் நின்றது.

ஹாலில் பெரிய மணிக்கூடு அடித்தது. ஆறு.

டொக்... டொக்... டொக்...

“தொர...”

ஒரு பெண் குரல். பயந்து, பணிந்து கேட்கிற குரல்.

“தொர...”

கட்டிலில் விழுந்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் குரல் இன்னும் ஏதோ கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பொத்தியிருந்தேன்...

6.10. சத்தமில்லை.

கதவைத் திறந்தேன். பலகையில் ஈரக் காலடிகள். சமையலறையிலிருந்து என் கதவு வரை. என் கதவிலிருந்து மறுபடி சமையலறைக்கு.

வெளிவாசல் பக்கம் ஒன்றுகூட இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இப்றாஹீம் டார்ச்சோடு நின்றார்.

“வேலைக்குத் தோட்டத்துப் பொம்பளை யாராச்சும் இருக்காங்களா?”

“பொம்பளை ஆளே இல்லையே, தம்பி. நாங்க மூணு ஆம்பளைதான்.”

“எனக்கு டீ கொண்டுவந்தது?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அடுப்பே இன்னும் பத்தவைக்கல்லயே.”

மழையில் நனைந்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பாவிடம் அறை பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பரில் நத்தார் லீவுக்கு மறுபடி வந்தபோது, பதுளை டவுனில் ஒரு நெட் கஃபேயில் மெயிலைத் திறந்தேன். தங்கியது எப்படியிருந்தது என்று எழுதச் சொல்லி புக்கிங் தளம் கேட்டிருந்தது. என்ன எழுதுவது? முன்னால் தங்கியவர்கள் எழுதியதைப் படித்தேன். சுத்தமான அறை. நல்ல காட்சி. குறைந்த விலை.

மார்ச் மாதம் தங்கிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘மாலை ஆறு மணிக்கு ஒரு வேலைக்காரப் பெண் வந்து கதவைத் தட்டினாள். உடம்பெல்லாம் சேறு. கைகூப்பி ஏதோ கேட்டாள். எங்களுக்குப் புரியவில்லை. எதுவும் வேண்டாம் என்று தலையாட்டினோம். அழுதுகொண்டே சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டாள். இரண்டு நாளும் அதே நேரம், அதே வார்த்தைகள். காதில் விழுந்தபடி கீழே எழுதியிருக்கிறோம். தமிழ் தெரிந்தவர் யாராவது பொருள் சொல்லுங்கள்.’

கீழே ஆங்கில எழுத்தில், பிழை பிழையாக ஒரு வரி. வாய்விட்டு வாசித்தேன்.

“தொர... ஆறு மணியாச்சுங்க. புள்ள தனியா இருக்கு. நான் வூட்டுக்குப் போகட்டுங்களா?”

கடைக்காரர் வந்து தோளைத் தொட்டார். அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

அங்கிருந்தே இப்றாஹீமுக்குப் போன் பண்ணினேன். ஒரு ராத்திரிக்கு, என்ன விலையானாலும், அதே அறை வேண்டும் என்றேன்.

“ஹோட்டல மூடிட்டாங்களே தம்பி. போன வாரம் பூட்டிட்டு எல்லாரும் வந்துட்டோம்.”

பங்களா இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது. தோட்டத்து ஆட்கள் ஆறு மணிக்குமேல் அந்தப் பக்கம் போவதில்லை. உள்ளே யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார்களாம்.